குட்டிப்பையன் ஆபரேஷன்: குடும்பக் குழு, சாட்ஸ்வொர்த், டர்பன்

ஆயா: பிள்ளைக்கு இன்னும் மூன்று மாதம்கூட நிறையவில்லை. இந்தச் சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா? ராத்திரியெல்லாம் கண்ணை மூட முடியவில்லை.

சின்னம்மா: குடலிறக்கம் அத்தை. தள்ளிப்போட்டால் குடல் சிக்கிக்கொள்ளும் என்கிறார்கள். வியாழக்கிழமை காலையில்.

பெரியம்மா: ஈசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் அக்கா: ஆயா, உங்கள் பயம் நியாயமானதுதான். ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே இருந்த பயம் அது. முகத்தில் துணி மூடி வைத்து ஈதர் என்ற மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். எடைக்கு எடை பார்த்தால் பச்சைக்குழந்தைக்குப் பெரியவர்களைவிட இரண்டு மடங்கு ஆக்சிஜன் வேண்டும். மூச்சு தடைப்பட்டால் சீக்கிரமே நீலம் பாய்ந்துவிடும்.

மாமா: அப்புறம் எப்படி மாறியது?

டாக்டர் அக்கா: இங்கிலாந்தில், லிவர்பூலில் ஜாக்சன் ரீஸ் என்று ஒரு மயக்க மருந்து டாக்டர் இருந்தார், மாமா. பெரியவர்களுக்கான கருவியின் வால்வுகளைத் தள்ளி மூச்சுவிடப் பச்சைக்குழந்தைக்குப் பலம் போதாது. 1937-ல் அதே இங்கிலாந்தின் நியூகாசிலில் பிலிப் ஏர் என்பவர் வால்வே இல்லாத, ஆங்கில ‘T’ எழுத்து வடிவக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். 1950-ல் ரீஸ் அதன் கடைசியில் ஒரு ரப்பர் பையை மாட்டினார். பையின் வால் பக்கம் திறந்திருக்கும். அந்த வாலைச் சுண்டுவிரலால் லேசாக அடைத்து, மற்ற விரல்களால் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்க வேண்டும்.

ஆயா: அது பழைய காலத்துப் பை. இப்போது மெஷின் இருக்குமே, கண்ணு?

டாக்டர் அக்கா: மெஷினும் இருக்கிறது, ஆயா. ஆனாலும் எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இன்றும் அந்தப் பை உண்டு, அவர் பெயரைச் சொல்லித்தான் கேட்டு வாங்குவோம். நுரையீரல் கொஞ்சம் இறுகினாலும் திரையில் எண் மாறுவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். இதை நான் மனதார நம்புகிறேன்.

மாமா: அவர் அந்தப் பையோடு நிறுத்திக்கொண்டாரா?

டாக்டர் அக்கா: இல்லை. தசையைத் தளர்த்தும் கியூராரேவைப் பச்சைக்குழந்தைகளுக்கும் கொடுத்து, கையாலேயே மூச்சு நடத்தினார். அதனால் ஈதரை அதிகம் ஏற்ற வேண்டியதில்லை, பிள்ளை சீக்கிரம் விழித்துவிடும். 1953-ல் லிவர்பூலில் பிறந்த குழந்தைகளுக்கென்றே தனி அறுவைப் பிரிவு வந்தது. அறுவை டாக்டர்கள் இசபெல்லா ஃபோர்ஷால், பீட்டர் ரிக்ஹாம் பெயர்களைத்தான் அதற்குச் சொல்வார்கள். பிள்ளையைப் பத்திரமாகத் தூங்கவைத்து எழுப்ப ஆள் இருந்ததால்தானே அவர்களால் கத்தியைத் தொட முடிந்தது!

சின்னம்மா: நம் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போய்விட மாட்டாரே?

டாக்டர் அக்கா: போகவே மாட்டார், சின்னம்மா. பிள்ளை விழிக்கும்வரை தலைமாட்டில்தான் நிற்பார். நாளைக்குப் பார்க்க வரும்போது சளி, இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தாய்ப்பாலை எத்தனை மணிக்கு நிறுத்தச் சொல்கிறார்களோ, அதோடு நிறுத்திவிடுங்கள். அழுகிறானே என்று ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது.

சின்னம்மா: சரிம்மா.

ஆயா: நானும் வருகிறேன். யாராவது ஐந்து மணிக்கு வண்டி கொண்டு வாருங்கள்.