ஜன்னல் கண்ணாடி வேர்க்குது, பீரோ பின்னாடி பூசணம். என்ன பண்ணலாம்?

தளிக்காரன்:
ஆவணியில் புது வீட்டுக்குக் குடிவந்தோம். குளிர் உள்ளே வரக்கூடாதுன்னு எல்லா ஜன்னலும் ரப்பர் பட்டை வெச்ச யுபிவிசி பிளாஸ்டிக் சட்டம். மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலையில் கண்ணாடியில் தண்ணி வழியுது. வடக்குச் சுவரோரம் பீரோ பின்னாடி கறுப்பா பூசணம். அம்மாவுக்கு வீசிங் இருக்கு, அதான் பயம். ஈரப்பதம் காட்டுற மீட்டர்ல ராத்திரி 21 டிகிரி, 74 சதவீதம். மேஸ்திரி தளம் ஒழுகுதுங்கறார். மாடியில ஏறிப் பார்த்தேன், விரிசலே இல்லை.

தேன்கனிக்கோட்டை ரோஜா:
ஒழுகல் இல்ல தம்பி, வீட்டுக்குள்ள கிளம்புற ஆவிதான். பூ வளர்க்க பிளாஸ்டிக் ஷீட் போட்ட எங்க பாலிஹவுஸ்லயும் பக்கவாட்டுத் திரையை இறக்கியே வெச்சா ராத்திரி ஷீட்டுல இருந்து சொட்டி, பூவுல பாட்ரைடிஸ்ங்கிற பூசண நோய் விழும். துணி எங்க காயப் போடுறீங்க?

தளிக்காரன்:
ஹால்லதான் அண்ணா. அஞ்சு பேரும் வெந்நீர்க் குளியல், பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் இல்லை. சமையல்கட்டுச் சிம்னிக்கு வெளியே போற குழாய் கிடையாது.

பென்னாகரத்தான், வின்னிபெக்:
அந்தச் சிம்னி எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், ஆவியை விட்டுடும். ஒரு கிலோ கேஸ் எரிஞ்சாலே ஒன்றரை லிட்டர் தண்ணி ஆவியா வரும். புதுப் பூச்சும் காய ஒரு வருஷம் ஆகும். உங்க 21 டிகிரி, 74 சதவீதக் காத்து 16 டிகிரிக்குக் கீழ இருக்கிற எதுல பட்டாலும் தண்ணியாகும். இங்க கனடாவுல வெளியே மைனஸ் 25ன்னா உள்ளே ஈரம் 25 சதவீதத்தைத் தாண்ட விடமாட்டோம். அதுக்குன்னே ஒரு மெஷின், வெளியே போற காத்தோட சூட்டை உள்ளே வர்ற காத்துக்கு ஏத்திவிடும். உங்க தளி ஊருக்கு அது வேண்டியதில்லை. எக்ஸாஸ்ட் போட்டு, குளிச்சப்புறம் அரை மணி நேரம் ஓட விடுங்க.

தளிக்காரன்:
காலையில ஒரே மூடுபனி. ஜன்னலைத் திறந்தா இன்னும் ஈரம் ஏறாதா?

பென்னாகரத்தான், வின்னிபெக்:
ஏறாதுங்க. 12 டிகிரி பனிக்காத்துல கனமீட்டருக்கு 11 கிராம் தண்ணிகூட இருக்காது. உங்க ஹால்ல 13 கிராமுக்கு மேல. அந்தக் காத்து உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடானா 56 சதவீதம்தான். எதிரெதிர் ஜன்னலாப் பத்து நிமிஷம் திறங்க. மத்தியான வெயில்ல இன்னும் நல்லது.

தேன்கனிக்கோட்டை ரோஜா:
பீரோவை அரை அடி தள்ளி வைங்க தம்பி. பூசணத்தைக் காஞ்ச துணியால தேய்க்காதீங்க, தூள் பறக்கும். மாஸ்க் போட்டு சோப்புத் தண்ணியில துடைங்க. அம்மா அந்த அறைப்பக்கமே வரவேண்டாம்.

தளிக்காரன் (12 நாள் கழிச்சு):
துணி மாடிக்குப் போயிடுச்சு, எக்ஸாஸ்ட் போட்டாச்சு. இப்ப 59 சதவீதம், கண்ணாடி ஓரத்துல மட்டும் லேசா மங்கல். அம்மா ராத்திரி தூங்குறாங்க. வடக்குச் சுவர் அடியில மட்டும் ஈர வாடை போகலை.

பென்னாகரத்தான், வின்னிபெக்:
அங்க ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. ஷீட்டோட வெளிப்பக்கம் தண்ணி நின்னா காத்து ஈரம். உள்பக்கம் நின்னா சுவர் ஈரம், அப்ப மேஸ்திரியைக் கூப்பிடுங்க.