ஆட்டிசம் உள்ள மகனை உறவினர் வீடுகளுக்கு அழைத்துச் செல்வதை நிறுத்திவிட வேண்டுமா?

செல்வி, தக்கலை:
என் மகனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம் என்று சென்ற ஆண்டு உறுதி செய்தார்கள். பயிற்சிக்கு அலைவது எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. சொந்தபந்தங்களின் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. சென்ற மாதம் ஒரு திருமண வீட்டில் செண்டைமேளம் தொடங்கியதும் அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அழுதான். "இரண்டு அடி போட்டால் அடங்கிவிடுவான், வளர்ப்புச் சரியில்லை" என்று நாத்தனார் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். தடுப்பூசியால் வந்தது என்றார் இன்னொருவர். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கு அவனைக் கூட்டிவர வேண்டாம் என்கிறார் மாமியார். இவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

மேரி, மார்த்தாண்டம்:
தங்கச்சி, என் மகனுக்குப் பதினாறு வயது ஆகிறது. நீ கேட்ட அத்தனை சொற்களையும் நானும் கேட்டிருக்கிறேன். தாயிடம் பாசம் குறைந்ததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று ஒரு காலத்தில் மேலைநாட்டு மருத்துவர்களே நம்பினார்கள். ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர்தான் 1964இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்து, இது உடற்கூறு சார்ந்த நிலை என்று வாதிட்டார். தடுப்பூசிக் கதையும் 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து பரவியதே. அதை 2010இல் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் இதையெல்லாம் கல்யாணப் பந்தலில் நின்று விளக்க முடியாது என்பதை நான் மிகவும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். இப்போது, "அவனுக்கு இந்தச் சத்தம் காதில் வலிக்கிறது, கொஞ்சம் வழிவிடுங்கள், வெளியே கொண்டு போகிறேன்" என்று மட்டும் சொல்கிறேன். காரணம் கேட்டு வாதாடுகிறவர்கள்கூட, செய்யவேண்டியதைச் சொன்னால் செய்துவிடுகிறார்கள்.

சிறப்பாசிரியர், நாகர்கோவில்:
அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். திருமண வீட்டில் அவன் அழுதது அடம் அல்ல. அடம்பிடிக்கும் குழந்தை நாம் பார்க்கிறோமா என்று கவனிக்கும், கேட்டது கிடைத்ததும் நிறுத்திவிடும். இவன் தாங்கமுடியாத ஒலியில் சிக்கித் தவிக்கிறான், அடித்தால் தவிப்புத்தான் கூடும். அரசுப் படிவங்களில் ஆட்டிசத்தைக் குறிக்கும் 'புற உலகச் சிந்தனையற்ற' என்ற சொல் எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது. புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடுவதுதான் இக்குழந்தைகளில் பலருடைய துன்பம். அடுத்த ஆண்டு பள்ளியில் சேர்க்கும்போது யாராவது தயங்கினால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றிருப்பதையும், அரசுப் பள்ளிகளும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்று அது சொல்வதையும் எடுத்துக் காட்டுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

மேரி, மார்த்தாண்டம்:
திருவிழாவைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. தேர் ஓடும் கடைசி நாட்களை விட்டுவிட்டு, தொடக்க நாட்களில் ஒன்றில், கூட்டம் சேருமுன் போய்வா. காதை மூடும் கருவி ஒன்றையும் வீட்டிலேயே முன்னதாகப் போட்டுப் பழக்கு.

செல்வி, தக்கலை:
அப்படியே செய்கிறேன் அக்கா. மாமியாரையும் உடன் அழைத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன்; சத்தம் கேட்கும்போது அவன் கை எப்படி நடுங்குகிறது என்பதை அவர் இதுவரை பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.