அடையாள அட்டைப் படத்தை யாருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

ஈசூன் வாசகி:

வணக்கம். நான் சிங்கப்பூரில் ஒரு துணைப்பாட நிலையத்தின் முகப்பில் வேலை பார்க்கிறேன். பிள்ளையைச் சேர்க்க வருபவர்களிடம் நாங்கள் கேட்பது பெயர், வகுப்பு, பள்ளி, ஒரு தொலைபேசி எண். அவ்வளவுதான். ஆனால் பலர் கேட்காமலேயே பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் தங்கள் அடையாள அட்டையின் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். "எதற்கும் இருக்கட்டும், பின்னால் அலைய வேண்டாம் பாருங்கள்" என்பார்கள்.

அந்தப் படம் எங்கே போகிறது என்பதைத் தினமும் பார்ப்பதால் சொல்கிறேன். வாட்ஸ்அப் செய்தி வழியில் யார் கண்ணிலும் படாது என்பது உண்மைதான். 2016 முதல் அது மறையாக்கம் செய்யப்பட்டே போகிறது. ஆனால் வந்து சேர்ந்த பிறகு? முகப்பில் இருக்கும் கைப்பேசியை நாங்கள் மாறி மாறிப் பயன்படுத்துகிறோம். வந்த படம் தானாகவே படத்தொகுப்பில் ஏறிக்கொள்கிறது. மாணவர்களின் விடைத்தாள், பழுதான குளிர்சாதனப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் ஒருவருடைய முகமும் அடையாள எண்ணும் வீட்டு முகவரியும். படத்தொகுப்பு இணையச் சேமிப்போடு இணைந்திருந்தால் அந்தக் கணக்கு திறந்திருக்கும் ஒவ்வொரு கணினியிலும் அதே படம் தெரியும். பூட்டிய பெட்டியில் அனுப்பிய கடிதத்தைப் பிரித்து மேசைமேல் போட்டது போலத்தான்.

2019 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள விதி இது: சட்டம் கேட்டாலோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்தே ஆகவேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணை வாங்கக்கூடாது, அட்டையையும் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடாது. பிறப்புச் சான்றிதழ் எண்ணுக்கும் இதுவே பொருந்தும். எனக்கு வரும் படங்களை நான் அழித்துவிட்டு, அனுப்பியவரிடமும் சொல்லிவிடுகிறேன். ஒரு தாயாருக்குக் கோபமே வந்துவிட்டது. "மற்ற இடங்களில் எல்லாம் கேட்கிறார்களே, உங்களுக்கு மட்டும் என்ன?" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கேட்பவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பழக்கம் வந்திருக்கிறது.

வசதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அரசாங்கத்தின் மின்னடையாளமான சிங்பாஸ் மூலம், அரசிடம் ஏற்கெனவே உள்ள நம் விவரங்களை எடுத்துத் தரும் மைஇன்ஃபோவில் விண்ணப்பம் நிரப்பும்போது, எந்தெந்த விவரங்கள் போகப்போகின்றன என்று திரையில் வரிசையாகக் காட்டிய பிறகுதான் ஒப்புதல் கேட்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. அந்தப் பட்டியலை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். வங்கிக்கு என் வருமானம் தெரியவேண்டியது நியாயம். ஓர் அழகு நிலையத்தின் தள்ளுபடிச் செயலிக்கு என் பிறந்த ஆண்டும் தொடர்புப் பட்டியலும் எதற்கு? நான் அந்தத் தள்ளுபடியை விட்டுவிட்டேன். நீங்கள் எங்கே "முடியாது" என்றீர்கள்?

தோ பாயோ வாசகர்:

நான் ஓய்வுபெற்றவன். என் அனுபவம் 'டிரேஸ்டுகெதர்' கருவி, அதாவது கொவிட் காலத்தில் யார் யார் நம் அருகில் இருந்தார்கள் என்று பதிவுசெய்த சிறு கருவி. 2020இல் முதியவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியபோதே போய் வாங்கினேன். காப்பிக்கடையில் தயங்கிய நண்பர்களிடம், "நோய்த் தொடர்பைக் கண்டறிய மட்டும்தான் இந்தத் தகவல், அதுவும் 25 நாளில் அழிந்துவிடும்" என்று எடுத்துச் சொன்னவனும் நான்தான். 2021 ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி காவல்துறையும் அதைப் பெறமுடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அன்று என் நண்பர்கள் முகத்தில் விழிக்கவே சங்கடமாக இருந்தது. கொலைகாரனைப் பிடிக்க அந்தத் தகவல் உதவுமானால் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் இயற்றினார்கள். அது நல்ல முடிவு, மனதாரப் பாராட்டுகிறேன். அதன் பிறகும் கருவியை எடுத்துக்கொண்டுதான் வெளியே போனேன்.

பஸ் அட்டை விஷயத்தையும் சொல்லவேண்டும். 2024 ஜனவரியில் பழைய அட்டை முறையை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, புதிய முறையில் தட்டும் இடத்திலேயே மிச்சத் தொகை தெரியாது, செயலியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். என்னைப் போன்றவர்கள் எவ்வளவோ எடுத்துச் சொன்னோம். அந்த மாதமே முடிவை மாற்றிக்கொண்டார்கள். அட்டையில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க நான் எந்தக் கணக்கும் தொடங்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளுக்குச் செயலிதான் வசதி. எனக்கு இதுதான் வசதி.

துவாஸ் தங்குவிடுதியிலிருந்து:

அக்கா, ஐயா, வணக்கம். நான் புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் அறையில் ஒருவருக்கு ஊரில் திடீரென்று மருத்துவச் செலவு வந்தது. குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டு ஒரு கடன் செயலியை இறக்கப் பார்த்தார். ப்ளே ஸ்டோரில் அது இல்லை, கோப்பாக இறக்கி நிறுவச் சொன்னது. திறந்ததும் தொடர்புப் பட்டியல், படங்கள், குறுஞ்செய்திகள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. எங்களுடன் இருக்கும் மூத்த அண்ணன் ஒருவர் கைப்பேசியை வாங்கி அந்தச் செயலியை அப்படியே அழித்துவிட்டார். "தவணை தவறினால் உன் மாமனார் வரைக்கும் போன் போகும், அதற்குத்தான் இந்தப் பட்டியல்" என்றார். இங்கே உரிமம் பெற்ற கடன் நிறுவனம் குறுஞ்செய்தியில் விளம்பரம் செய்யவே கூடாது என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பணத்தைப் பிறகு நாங்களே திரட்டிக் கொடுத்தோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு வழி தெரியவில்லை. வாட்ஸ்அப் போன்ற 'சிக்னல்' என்ற செயலி நல்லது என்று 2021இல் எல்லோரும் சொன்னார்கள், நானும் போட்டேன். அதில் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் பச்சைப் பொத்தானைத் தொட்டால் நான் வருவேன் என்று மட்டும்தான் தெரியும். இரவு வேலை முடிந்து வந்து அவர் முகத்தைப் பார்க்க வேறு எதையும் என்னால் யோசிக்க முடியாது. நான் அனுப்பிய கடவுச்சீட்டுப் படம், வேலை அனுமதி அட்டை எல்லாம் அந்த உரையாடலில்தான் கிடக்கின்றன. என்ன செய்யலாம் அக்கா?

ஈசூன் வாசகி:

தம்பி, அம்மாவை எங்கும் மாற்றவேண்டாம். வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். முதலில் அந்த இரண்டு படங்களையும் உங்கள் கைப்பேசியிலிருந்தும் அம்மாவின் கைப்பேசியிலிருந்தும் நீக்குங்கள். படத்தொகுப்பிலும், அதன் குப்பைத்தொட்டியிலும் பாருங்கள். பிறகு அமைப்புகளில் உரையாடல் காப்புப்பிரதி (உரையாடல்களை இணையத்தில் சேமித்து வைக்கும் நகல்) என்ற பகுதிக்குப் போங்கள். காப்புப்பிரதிக்கும் மறையாக்கம் செய்யும் வசதி 2021 முதல் அங்கே இருக்கிறது, ஆனால் நீங்களாக இயக்காதவரை அது வேலை செய்யாது. இயக்கும்போது நீங்களே ஒரு கடவுச்சொல் வைக்கலாம், அல்லது செயலி தரும் 64 இலக்கச் சாவியைப் பெறலாம். அதைத் தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். கைப்பேசியும் போய் அதுவும் தொலைந்தால் பழைய உரையாடல்களை வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது. அம்மாவின் பக்கத்துக்கும் இது தனியாகச் செய்யவேண்டும். ஊரில் தம்பி தங்கை யாராவது இருந்தால் வீடியோ அழைப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம்.