சித்தேரி மலைக் கள ஆய்வை 15 நிமிடத்தில் சொல்வது எப்படி?

அரூர் பஸ் ஸ்டாண்டு:
மானிடவியல் பிஎச்.டி., இரண்டாம் ஆண்டு. களம் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலை, அங்குள்ள மலையாளி பழங்குடியினர். சாமை விதைப்பு குறைந்த பிறகு வீட்டுச் சடங்குகளில் என்ன மாறியது என்பது தலைப்பு. அடுத்த மாதம் வெளிமாநிலத்தில் ஒரு தேசியக் கருத்தரங்கு, ஆங்கிலத்தில் பேச வேண்டும். ஆளுக்கு 20 நிமிடம், அதில் 5 கேள்விக்கு. கையில் ஆய்வேட்டின் 40 பக்க இயல் ஒன்று, 300 போட்டோ, 11 மணி நேர ஒலிப்பதிவு இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது? ஸ்லைடில் தமிழ் உடையாமல் வருமா? கருத்தரங்கில் பேசியதற்குத் தரும் சான்றிதழ்கள் பின்னால் எதற்காவது உதவுமா?

ராயக்கோட்டை தக்காளி:
முதலில் அந்த இயலை மூடி வைங்க. அதைச் சுருக்கினால் சுருங்கிய இயல்தான் கிடைக்கும், உரை கிடைக்காது. 15 நிமிடத்துக்கு ஒரு வாதம், இரண்டு சான்று. அதற்கு மேல் ஏற்றினால் தொப்பூர் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காத வண்டி மாதிரிதான் போகும்.

நிதானமாகப் பேசினால் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 120 சொல் ஓடும். ஆக 1,800 சொல்லுக்குள் முழுதாக எழுதி, வாய்விட்டு வாசித்து நேரம் பாருங்க. ஒரு விதைப்புச் சடங்கு, ஒரே வீடு, முன்பு எப்படி, இப்போது எப்படி என்று 2 நிமிடத்தில் தொடங்குங்க. பிறகு உங்கள் கேள்வி. பிறகு களம்: எத்தனை நாள், எந்தெந்த மாதம், எத்தனை வீடு. விதைப்புக்கும் அறுப்புக்கும் மலையில் இருந்தீர்களா என்பதைக் கட்டாயம் சொல்லுங்க. ஒரு பருவம் மட்டும் பார்த்துவிட்டு ‘சடங்கு நின்றுவிட்டது’ என்றால் முதல் கேள்வியிலேயே மாட்டுவீர்கள்.

பெரும்பாலோர் கவிழ்வது இரண்டு இடத்தில். மாவட்டத்தின் பரப்பளவு, மழையளவு, எழுத்தறிவு என்று 3 நிமிடம். கோட்பாட்டு வரையறைகளுக்கு 5 நிமிடம். சொந்தத் தரவுக்கு வரும்போது அமர்வுத் தலைவர் ‘2 நிமிடம்’ என்று சீட்டு நீட்டுவார். ஊருக்கு ஒரு வரைபடம் போதும், உங்களுக்கு முன் மற்றவர்கள் செய்த ஆய்வுகளுக்கு ஒரு நிமிடம்.

பாலக்கோடு மாமரம்:
தக்காளி அண்ணா சொன்னதில் ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுதிப் பழகுங்க, சரி. மேடையில் தாளைப் பார்த்தே வாசித்தால் கூட்டம் போனை எடுத்துவிடும். முதல் 2 நிமிடம், கடைசி 2 நிமிடம், களத்தில் மக்கள் சொன்ன வார்த்தைகள் ஆகியவை எழுதினபடியே வரட்டும். நடுவில் குறிப்பு அட்டை போதும்.

ஸ்லைடு 8 முதல் 10. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் அடுத்தவர் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், யூனிகோடுக்கு மாற்றுங்க. யூனிகோடாக இருந்தாலும் எழுத்துரு மாறி வரி தள்ளிப் போகும். அதனால் பிடிஎஃப் பிரதி ஒன்று பென்டிரைவில், ஒன்று மின்னஞ்சலில். ஒலித்துணுக்கு 30 நொடிக்கு மேல் வேண்டாம். பேச்சை ஆங்கிலத்தில் பெயர்த்து அதே ஸ்லைடில் எழுதுங்க. பிடிஎஃபில் ஒலி ஓடாமல் போகலாம் என்பதால் கோப்பைத் தனியாகவும் வைத்துக்கங்க. அமர்வு தொடங்குமுன் போய் ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை, அமைப்பாளர் வேலை இல்லை.

ஊத்தங்கரை 635207:
தலைப்பில் ‘மலையாளி’ என்று மட்டும் இருந்தால் வெளிமாநிலத்தார் கேரளம் என்றே நினைப்பார்கள். தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடி என்றும், அந்தப் பட்டியலில் மாவட்டப் பெயர்களோடுதான் மலையாளி வருகிறது, தருமபுரி அதில் உண்டு என்றும் ஒரே வரியில் சொல்லிவிடுங்க. இல்லாவிட்டால் கேள்வி நேரம் முழுக்க அதற்கே போகும்.

ஊர்ப் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. சின்ன ஊரில் ‘பூசாரி’ என்றாலே ஆள் யாரென்று தெரியும். முகம் தெரியும் போட்டோவுக்குத் தனிச் சம்மதம் வேண்டும், பைலில் எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் விவரம் இருந்தால் நீக்கணும். கையெழுத்து கேட்பதிலும் கவனம்: வாச்சாத்தி என்ற பழங்குடி ஊர் அதே மலையின் அடிவாரம். 1992-இல் அரசு ஊழியர்கள் அந்த ஊர் மக்களுக்குச் செய்த கொடுமைக்கு 2011-இல்தான் 215 பேருக்குத் தண்டனை கிடைத்தது; 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கே காகிதத்தை நீட்டினால் தயங்குவது நியாயம். வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்வது ஏற்கப்பட்ட முறைதான். ஆனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழுவிடம் முன்பே எழுதி ஒப்புதல் வாங்கியிருக்கணும்.

சான்றிதழ் பற்றி: யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் போட்ட பிஎச்.டி. விதிகளில் ஆய்வேடு தருமுன் கட்டுரை வெளியிட்டே ஆகணும் என்ற கட்டாயம் எடுக்கப்பட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியே விதி வைத்திருக்கலாம், அதைப் பாருங்க. ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த ‘கேர்’ பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. ஆகவே ‘ஐஎஸ்பிஎன் (புத்தகப் பதிவு எண்) உண்டு, 2,000 ரூபாய் கட்டுங்கள்’ என்கிற கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகளில் நல்ல தரவை வீணாக்காதீங்க. அது ஒருமுறை அச்சாகிவிட்டால் நல்ல இதழ் எடுக்காது. உரையில் வந்த கேள்விகளை அன்றைக்கே எழுதி, 3 மாதத்துக்குள் கட்டுரையாக்கி ‘மேன் இன் இந்தியா’, ‘தி ஈஸ்டர்ன் ஆந்த்ரோபாலஜிஸ்ட்’ போன்ற இதழ்களுக்கு அனுப்புங்க.

அரூர் பஸ் ஸ்டாண்டு:
நன்றிங்க. பூசாரி சடங்கு செய்யும் வீடியோ ஒன்று இருக்கிறது. ‘படிப்புக்கு’ என்று சொல்லித்தான் எடுத்தேன். போடலாமா?

ஊத்தங்கரை 635207:
வேண்டாம். படிப்புக்குக் கொடுத்த சம்மதம் மேடைக்குச் செல்லாது, யூடியூபில் நேரலை போனால் இன்னும் சிக்கல். அந்த இடத்தை வாயால் விவரிங்க. மறுபடி மலைக்குப் போகும்போது மேடை, அச்சு, இணையம் மூன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்க. அவர் ஒன்றுக்குச் சரி, ஒன்றுக்கு வேண்டாம் என்று சொல்லலாம்.