புதுப்பிப்பு: ஈடித் கோவன் வென்ற தொகுதி கிடைத்துவிட்டது

ஆஸ்திரேலியாவின் 50 டாலர் நோட்டில் இருக்கும் ஈடித் கோவன் 1921இல் வென்ற தொகுதி இன்றைய வரைபடத்தில் ஏன் இல்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

நான் 'கோவன்' என்ற பெயரில் தேடியதுதான் தப்பு. அது 1984இல் அவர் நினைவாக உருவான கூட்டாட்சி நாடாளுமன்றத் தொகுதி. 'மாநிலச் சட்டமன்றத்தின் பழைய தொகுதிகளைப் பாருங்கள்' என்று ஒருவர் சொன்ன யோசனை பலித்தது. விடை: வெஸ்ட் பெர்த். மேற்கு ஆஸ்திரேலியச் சட்டமன்றத்துக்கு 1890இல் நடந்த முதல் தேர்தலின் 30 தொகுதிகளில் ஒன்று, 1962இல் மறைந்துபோனது.

எதிர்பாராத ஒன்றும் கண்ணில் பட்டது. கோவனிடம் தோற்றவர் தாமஸ் டிரேப்பர், அப்போதைய அட்டர்னி ஜெனரல். பெண்கள் தேர்தலில் நிற்க வழிவிட்ட 1920ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான்! இருவரும் ஒரே தேசியவாதக் கட்சி வேறு. வித்தியாசம் வெறும் 46 வாக்குகள். படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்திரேலிய நாடாளுமன்றங்களுக்குத் தேர்வான முதல் பெண் அவர். அப்புறம் 1924இல் அதே தொகுதியில் தோற்றுவிட்டார். ஆனால் அதற்குள், பெண்கள் வழக்கறிஞராகத் தடையில்லை என்ற 1923ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டிருந்தார்.