தோட்டா மரக்கட்டையில் புதையும் கணக்கு: எனக்கு 14, விடையில் 198

பிளஸ்_ஒன்_பையன்:
10 கிராம் தோட்டா, நூலில் தொங்கும் 1.99 கிலோ மரக்கட்டையில் பாய்ந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. கட்டை 5 செ.மீ. மேலே எழும்புகிறது. தோட்டாவின் வேகம் என்ன? ஆற்றல் அழியாதே என்று தோட்டாவின் இயக்க ஆற்றலை மேலே போன கட்டையின் நிலை ஆற்றலுக்கு (0.98 ஜூல்) சமப்படுத்தினேன், 14 மீ/வி வந்தது. விடைப் பக்கத்தில் 198. எங்கே இடிக்கிறது?

ஊசல்காரன்:
தம்பி, 14 மீ/வி என்றால் மணிக்கு 50 கி.மீ., டவுன் பஸ்ஸே போகும். விடை வந்ததும் முதலில் இதைப் பார்க்கணும்.

இதில் இரண்டு சம்பவம் இருக்கிறது, தனித்தனியாகப் போடு. மேலே எழும்பும் கட்டத்தில் ஆற்றல் அழியாமை விதி செல்லும்: வேகத்தின் வர்க்கம் = 2 × ஈர்ப்பு முடுக்கம் × உயரம் = 2 × 9.8 × 0.05 = 0.98, அதன் வர்க்கமூலம் 0.99 மீ/வி, இது புதைந்த உடனே கட்டைக்கு இருந்த வேகம். புதையும் கட்டத்தில் உந்தம் (நிறை × வேகம்) மட்டும்தான் மாறாது, தோட்டாவும் கட்டையும் சேர்ந்து 2 கிலோ: 0.01 × வேகம் = 2 × 0.99. விடை 198.

பிளஸ்_ஒன்_பையன்:
அப்போ தோட்டாவிடம் 196 ஜூல் இருந்திருக்கிறது, கட்டைக்கு வந்தது 0.98 தானா! ஆற்றல் இவ்வளவு போகும்போது உந்தம் மட்டும் எப்படி சார் தப்பிக்கிறது?

கரும்பலகை:
நல்ல கேள்வி, நிறையப் பேர் கேட்காமலே சூத்திரத்தை ஒப்பிப்பார்கள். தோட்டா கட்டையைத் தள்ளும் விசையும் கட்டை தோட்டாவைத் தடுக்கும் விசையும் சமம், எதிரெதிர், இரண்டும் செயல்படும் நேரமும் ஒன்றே. விசை பெருக்கல் நேரம்தான் உந்த மாற்றம் என்பதால் ஒன்று இழந்ததை மற்றது அப்படியே வாங்கிக்கொள்கிறது. ஆனால் வேலை என்பது விசை பெருக்கல் தூரம், அங்கேதான் கணக்கு ஒத்துப்போகாது. தோட்டா 5 செ.மீ. ஆழம் துளைக்கிறது, தடுக்கும் விசை சீராக இருக்கிறது என்று வைத்துக்கொள், அதற்கு ஆவது சுமார் அரை மில்லி விநாடி, அதற்குள் கட்டை நகர்வது கால் மில்லிமீட்டர். மிச்ச வேலையெல்லாம் நாரைக் கிழிப்பதிலும் வெப்பத்திலும் போய்விட்டது. கட்டை அவ்வளவு கொஞ்சம் நகர்வதால்தான் நூலின் இழுவையையும் மோதலின்போது கண்டுகொள்வதில்லை. ஆனால் மேலே எழும்பும்போது உந்த விதியைத் தொடக்கூடாது, ஈர்ப்பும் நூலும் அதை மாற்றிக்கொண்டே இருக்கும்.

கடலூர்வாசி:
கொசுறு: இந்த ஊசலை வைத்துத் தோட்டா வேகத்தை அளந்து 1742இல் புத்தகமாக வெளியிட்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டை கட்டும் பொறியாளராக வந்து, 1751இல் எங்கள் ஊர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார்.

பிளஸ்_ஒன்_பையன்:
தோட்டா கட்டையைத் துளைத்து வெளியே போய்விட்டால்?

ஊசல்காரன்:
உந்தம் அப்போதும் மாறாது, ஆனால் சமன்பாட்டின் வலப்பக்கம் இரண்டு உறுப்பு வரும், கட்டைக்கு ஒன்று, வெளியேறும் தோட்டாவுக்கு ஒன்று. தோட்டா எந்த வேகத்தில் வெளியேறியது என்பதையும் கணக்கில் கொடுத்திருக்கணும், எழும்பிய உயரம் மட்டும் இருந்தால் போட முடியாது.