மறு: ஒனிகிரிக்குத் தமிழ்ச்சொல் – ‘பிடிசோறு’ சரிவருமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மதிய உணவுப் பெட்டிக்கான சமையற்குறிப்புத் தொகுப்பில் கைக்குள் பிடித்து வடிவாக்கும் ஜப்பானியச் சோற்றுணவான ஒனிகிரியை எந்தப் பெயரில் சேர்ப்பது என்று தொகுப்பாளர் ஐயா கேட்டிருந்தார்கள். வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் என் கருத்தைச் சொல்லி, கடைசியில் என் சொல்லையும் வைக்கிறேன்.

> ‘சோற்றுருண்டை’ என்றே போடலாமே. எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். ஒனிகிரி உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜப்பானியக் கடைகளில் அதிகம் காண்பது முக்கோணம். ஒசாகா, கியோத்தோ பக்கம் வைக்கோல் நெல்மூட்டை வடிவில் நீளவாக்கில் பிடிக்கும் வழக்கம் உண்டு. வட்டத் தட்டையாகவும் செய்கிறார்கள்.

வடிவத்தைவிடப் பெரிய சிக்கல், அந்தச் சொல் நம் கைக்குத் தரும் கட்டளை. உருண்டை என்றதும் எள்ளுருண்டைக்கு இறுக்குவதுபோல் இறுக்கி உருட்டிவிடுவோம். பருக்கை மசிந்துவிடும், ஆறியபின் மாவுக்கட்டிதான் மிஞ்சும். ஒனிகிரியில் வெளிப்பருக்கைகள் ஒன்றையொன்று பற்றி நிற்க வேண்டும். உள்ளே சோறு தளர்ந்திருக்க வேண்டும். கடித்தால் வாயில் உதிர வேண்டும்.

செய்யும் விதத்தைப் பாருங்கள். இரண்டு கையையும் நீரில் நனைத்து, உப்பை விரல்நுனியில் தொட்டு உள்ளங்கை முழுக்கத் தேய்த்துக்கொள்கிறார்கள். கை பொறுக்கும் சூட்டில் ஏறக்குறைய 100 கிராம் சோறு. நடுவில் குழித்து, உப்பிட்டு உலர்த்திய உமெபோஷிப் பழத்தையோ, சுட்டு உதிர்த்த உப்புச் சால்மனையோ வைத்து மூடுகிறார்கள். கீழ்க்கை குழிந்து தாங்குகிறது. மேல்கை விரல்களைக் கூரைபோல் மடித்து ஒரு முனையைக் கட்டுகிறது. அழுத்தி, ஒரு திருப்புத் திருப்பி, மீண்டும் அழுத்தி, மூன்று முனையும் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். உருட்டுதல் என்ற வேலையே இதில் எங்கும் இல்லை.

> ‘கவளம்’ என்ற நல்ல பழஞ்சொல் இருக்கிறதே?

அருமையான சொல்தான். ஆனால் கவளம் வாய்கொள்ளும் அளவு. பிசைந்து எடுத்த கையோடு வாய்க்குப் போவது. ஒனிகிரி காலையில் பிடித்து, மதியம் வரை பெட்டியில் இருந்து, பல கடியில் தீர்வது. எடுத்து வைத்திருத்தல் என்ற பொருள் கவளத்தில் இல்லை.

> ‘கட்டுச்சோறு’?

பயன்பாட்டை வைத்துப் பார்த்தால் இதுதான் மிக நெருங்கி வருகிறது. 1889ல் யாமகதா மாநிலத்து ட்சுருஓகாவில், கோயிலில் நடந்த பள்ளியொன்றில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியம் கொடுத்தது ஒனிகிரியும் உப்பு மீனும் ஊறுகாயும். ஜப்பானியப் பள்ளி மதிய உணவின் தொடக்கம் அதுதான் என்கிறார்கள். ஆனாலும் கட்டுச்சோறு என்றால் நமக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் நினைவுக்கு வரும். அது கட்டிக்கொண்டு போகும் எந்தச் சோற்றுக்கும் உரிய பெயர். அதை ‘பெந்தோ’ என்ற ஜப்பானியப் பெட்டிச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்வோம். இங்கே செலவழித்துவிட வேண்டாம்.

என் பரிந்துரை: பிடிசோறு.

ஒனிகிரி என்ற பெயரே ‘நிகிரு’ என்ற வினையிலிருந்து வந்தது. கைக்குள் பற்றி அழுத்துவது அதன் பொருள். நம் ‘பிடி’க்கும் இதே பொருள் உண்டு. மஞ்சளில் பிள்ளையார் பிடிக்கிறோம். அரிசிமாவில் பிடிகொழுக்கட்டை செய்கிறோம், அதில் விரல் தடம் அப்படியே நிற்கும். 1987ல் இஷிகவா மாநிலத்தில் அகழ்ந்தெடுத்த, யாயோய் என்னும் ஜப்பானின் பழங்காலத்துக் கரிந்த சோற்றுக்கட்டியிலும் விரலால் பிடித்த தடம் இருந்ததாக ஆய்ந்தவர்கள் குறித்திருக்கிறார்கள்.

இது வினைத்தொகை, ஆகவே ‘பிடிச்சோறு’ என்று ஒற்று மிகாது. ‘சுடுசோறு’, ‘ஊறுகாய்’ போல. ஒற்றுப் போட்டால் ஒரு பிடி அளவுள்ள சோறு என்று பொருள் மாறும்.

கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன. சோயா சாறு தடவி அனலில் வாட்டும் ‘யாகி ஒனிகிரி’ சுட்ட பிடிசோறு. கடற்பாசித் தாளில் சோற்றைப் பரப்பி, நடுவில் உள்ளீடு வைத்து, நான்கு முனையும் மடித்துக் குறுக்கே வெட்டும் ‘ஒனிகிராசு’ என்றொரு வகை இருக்கிறது. பிடிக்காமலே செய்வது என்று ஜப்பானியரே எதிர்மறையில் பெயர் வைத்திருக்கிறார்கள். நாமும் ‘பிடியாச்சோறு’ என்னலாம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே அங்கே ‘ச்’ வரும்.

அன்புடன்.

---

ஐயா, வணக்கம்.

சொல் நன்றாக இருக்கிறது, இரண்டு தயக்கம். ‘ஒரு பிடி சோறு’ என்றாலே பசியும் வறுமையும் மனத்தில் வருகிறது. பிள்ளையின் மதிய உணவுக்கு அந்தப் பெயரா? அடுத்தது, இப்போது பலர் வெறுங்கையில் பிடிப்பதில்லை. பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பிடிக்கிறார்கள், அச்சிலும் போடுகிறார்கள். அதுவும் பிடிசோறுதானா? பொன்னியில் வருமா என்பதையும் சொல்லுங்கள், குறிப்பில் கேட்பார்கள்.

---

அம்மா, வணக்கம்.

முதல் தயக்கம் நியாயமானது. ஆனால் ‘ஒரு பிடி’ என்ற அளவுச்சொல் முன்னால் இருப்பதால்தான் அந்தத் தொடர் உருக்குகிறது. சேர்த்து எழுதும் ‘பிடிசோறு’ பலகாரப் பெயர்போல் ஒலிக்கிறது என்பது என் எண்ணம். சேர்த்தே எழுத வேண்டும் என்று தொகுப்பில் குறித்துவிடலாம்.

தாளில் சுற்றிப் பிடித்தாலும் பிடிப்பது கைதான். வீட்டுக் குறிப்பில் அந்த முறையைத்தான் முதலில் எழுதச் சொல்வேன். தோலில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி சோற்றில் பெருகி நஞ்சை உண்டாக்கிவிட்டால், பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. கையில் காயம் இருந்தால் வெறுங்கையால் தொடவே கூடாது. பிடித்தபின் ஆறவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும், இல்லையென்றால் ஆவி நீராகிச் சோறு நசநசக்கும். முந்தின இரவே செய்து குளிர்பெட்டியில் வைப்பதும் வேண்டாம். அந்தக் குளிரில் மாவுச்சத்து இறுகிப் பருக்கை விறைத்துவிடும். காலையில் செய்து, வெயில் காலமானால் பனிப்பொதி ஒன்றைப் பெட்டியோடு வைத்து அனுப்பலாம்.

பொன்னியில் வராது, உதிர்ந்துவிடும். கோஷிஹிகாரி போன்ற ஜப்பானியக் குட்டைஅரிசியில் அமைலோஸ் என்னும் மாவுச்சத்துக் கூறு ஏறக்குறைய 17 விழுக்காடுதான், அதனால் தானே ஒட்டுகிறது. இதை ‘ஒட்டரிசி’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அது மோச்சி என்ற இடித்த சோற்றுப் பலகாரம் செய்யும் வேறு அரிசி. சுஷிக்குப்போல வினிகரும் சேர்க்கக் கூடாது, உப்பு மட்டும் போதும்.

‘ஒமுசுபி’ என்ற மறுபெயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது ‘கட்டு, முடி’ என்ற வினையிலிருந்து வருகிறது. பொருள் ஒன்றுதான் என்பதால் தனிச்சொல் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அச்சில் போடுவதை ‘அச்சுப் பிடிசோறு’ என்று பிரித்துச் சொல்லலாம். மற்றபடி தொகுப்புக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

பிடிசோறு – சூடான குட்டைஅரிசிச் சோற்றை உப்பிட்டு, உள்ளீடு வைத்தோ வைக்காமலோ கைக்குள் மென்மையாகப் பிடித்து வடிவாக்கிய ஜப்பானிய உணவு, ஒனிகிரி.

நோரிக்கு ‘கடற்பாசித் தாள்’ என்று போட்டிருக்கிறேன். ‘பாசித்தாள்’ போதும் என்று நினைப்பவர்கள் எழுதுங்கள். தொகுப்பில் அது அடிக்கடி வரும். சாப்பிடும் நேரத்தில் சுற்றினால்தான் மொறுமொறுப்பாக இருக்கும் என்பதால், பெட்டியில் தனியே வைக்கச் சொல்லும் இடமெல்லாம் அந்தச் சொல் வேண்டும்.

அன்புடன்.